கோட்டைமேட்டில் மூன்று நாட்கள்

சொந்த ஊருக்குப் போய் வந்தவர்கள் அவ்வூரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது நமது சங்க இதழின் நெடுநாள் வழக்கம். அன்பர்கள் பலர் தத்தம் ஊர்க் கோயிலையும் குளத்தையும் வருணித்து எழுதியவற்றைப் படித்து இன்புற்றிருக்கிறோம். நமக்கும் எழுதுவதற்கு ஓர் ஊர் உண்டு. ஆனால் இருபத்தேழு ஆண்டுகளாக நம் வீட்டில் எவரும் அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரேனும் கேட்டால் கோயமுத்தூர் என்போம். கோட்டைமேடு என்று சொல்ல மாட்டோம். அதன் காரணத்தையும் சொல்லிவிடுவதே முறை என்று கருதி இதை எழுதலானோம்.

2025 மார்ச் முதல் வாரத்தில் நாகபுரியிலிருந்து புறப்பட்டோம். ஒரு பகலும் ஓர் இரவும் வண்டியில் கழிந்தன. இரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவனுக்குப் பிரயாணம் புதிதல்லவே! ஆயினும் ஈரோடு கடந்ததும் உறக்கம் வரவில்லை. திருப்பூர், சோமனூர், இருகூர், பீளமேடு என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, மேற்கே மலைத்தொடர் நீல நிறத்தில் தோன்றிற்று. அந்த மலையைக் கண்டதும் ஏழு வயதுச் சிறுவனாகிவிட்டோம் என்றால் மிகையாகாது.

இரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண் சென்றது வாகனம் நிறுத்துமிடத்தின் பக்கந்தான். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் குண்டு வெடித்த இடங்களுள் அதுவும் ஒன்று. நம் தாய்மாமன் அன்று மாலை தம் சைக்கிளை எடுக்க அங்கே போயிருந்தார். உயிர் தப்பியது, இடது காது கேளாமற் போயிற்று. இப்போது அவர் வடவள்ளியில் இருக்கிறார். அவர் வீட்டில்தான் தங்கினோம். கோட்டைமேட்டுக்குப் போகிறோம் என்றதும், நல்ல காதை நம் பக்கம் திருப்பி, “அங்க எதுக்குடா போற? நம்மாளுக யாரு இருக்காங்க அங்க?” என்று கேட்டார். மறுமொழி சொல்ல இயலவில்லை. மறுமொழி தேடித்தான் போனோம்.

நிற்க. கோட்டைமேட்டைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பெயர்தான் கோட்டைமேடு; கோட்டை இப்போது கிடையாது. மைசூர்ச் சேனையும் கும்பினிச் சேனையும் மாறி மாறிப் போரிட்ட கோட்டை அது. 1799இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டபின் கோயமுத்தூர் கும்பினியார் வசமாயிற்று. மதில் மறைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. மதிலுக்குள் இருந்த தெய்வங்களோ அங்கேயே இருக்கின்றன. கோட்டை ஈசுவரன் என்று ஊரார் அழைக்கும் சங்கமேசுவரர் ஒருபுறம். கரிவரதராசப் பெருமாள் ஒருபுறம். சற்றே நடந்தால் பள்ளிவாசல். காலையில் பாங்கு ஒலியும் கோயில் மணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். எது முதலில் கேட்கும் என்று சிறுவர்களாகிய நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

நம் பாட்டனார் பெரிய கடை வீதியில் ஒரு மண்டியில் எடை போடுபவராக இருந்தார். தந்தையார் போத்தனூர் இரயில்வேப் பட்டறையில் கலாசி. ஈசுவரன் கோயிலுக்குப் பின்னே லைன் வீட்டில் குடியிருந்தோம். சுவருக்கு அப்பால் ஒரு முஸ்லிம் குடும்பம். அவ்வீட்டுப் பெரியவருக்குத் துணிக்கடை; மில்களில் மிஞ்சிய துண்டுத் துணிகளை நிறுத்து வாங்கி, முழம் போட்டு விற்பார். தந்தையார் அவரை “பாய்” என்பார்; பிள்ளைகள் நாங்கள் “பாய் மாமா” என்போம். சிறுவாணித் தண்ணீர் வரும் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது. எங்கள் தாயார் குடம் வைத்துவிட்டுப் போனால், நிறைந்ததும் அந்த வீட்டு அம்மாள் எடுத்து வைப்பார்.

1992இல் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டபின் நாடெங்கும் எழுந்த கசப்பு இந்தச் சந்துகளிலும் புகுந்தது. இரு பக்கமும் இயக்கங்கள் வளர்ந்தன. கொலைக்குக் கொலை என்னும் கணக்குத் தொடங்கிற்று. 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் பதினெட்டு முஸ்லிம்கள் மாண்டனர். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. இரண்டரை மாதம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, தேர்தல் கூட்டத்துக்குத் திரு. அத்வானி வரவிருந்த நாளில், நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அல்-உம்மா என்னும் இயக்கத்தினர் செய்தது அது என்று 2007இல் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவை யாவரும் அறிந்தவை. இனி யாரும் அறியாத ஒன்று.

பாய் மாமாவின் கடையும் அந்தக் கலவரத்தில் சூறையாடப்பட்டது. தந்தையார் பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் தெரு மூலையில் நின்று அதைப் பார்த்தார். துணிக் கட்டுகளைத் தூக்கிச் சென்றவர்களில் இருவரை அவருக்குத் தெரியும். ஒருவர் நமக்கு உறவினருங்கூட. சில நாள் கழித்துப் பாய் மாமா நம் வாசலுக்கு வந்து, “பாத்தீங்களா? பாத்திருந்தா டேசன்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டார். தந்தையார், “நான் அன்னிக்கு வெளியே வரவே இல்லீங்க பாய்” என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 14ஆம் நாள் இரவு தந்தையார் வீடு திரும்பவில்லை. மாமனைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வீட்டில் தாயாரும் பிள்ளைகள் நால்வரும். யார் வந்து எதைக் கொளுத்துவார்களோ என்று தெருவே நடுங்கிக்கொண்டிருந்தது. விடியும்வரை நம் வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாய் மாமாதான். காலையில் அவர் வீட்டிலிருந்து டீயும் பன்னும் வந்தன. அந்தப் பன்னின் ருசி இன்றும் நமக்கு நினைவிருக்கிறது.

அவ்வாண்டு கோடையில் தந்தையார் மாற்றல் கேட்டு வாங்கினார். நாகபுரிக்கு வந்தோம். புறப்பட்ட நாளில் அவர் பாய் மாமாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. விடியுமுன் வண்டி ஏறிவிட்டோம். 2024இல் படுக்கையில் விழுந்த பிறகுதான் இதையெல்லாம் நம்மிடம் சொன்னார். “நீயாச்சும் போய்ச் சொல்லு” என்றார். பதினைந்து நாளில் காலமானார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை மாலை கோட்டைமேட்டுக்குப் போனோம். பேருந்திலிருந்து உக்கடத்தில் இறங்கியதும் திசை தெரியவில்லை. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மேம்பாலம் தலைக்கு மேல் ஓடுகிறது. பெரியகுளத்தின் கரையில் நடைபாதையும் விளக்கும் அமைத்துப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உலாவுகிறார்கள். சந்துகளுக்குள் நுழைந்த பிறகே ஊர் அடையாளம் தெரிந்தது. முன்பு சந்து முகப்பில் காவல் சாவடிகள் இருந்தன. கலவரத்துக்குப் பின் வைத்தவை. உள்ளே போகிறவர் பையைத் திறந்து காட்டித்தான் போக வேண்டும். 2006இல் அவற்றை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பழக்கடைக்காரர் கூறினார்.

கோட்டை ஈசுவரன் கோயில் முன்னே சற்று நேரம் நின்றோம். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்திய நாள் விடியலில், இந்தக் கோயிலின் எதிரேதான் கார் ஒன்று வெடித்து, அதை ஓட்டி வந்தவர் மாண்டார். பழைய நாட்கள் திரும்பிவிடுமோ என்று நகரமே அஞ்சியது. ஆனால் திரும்பவில்லை. சில நாட்களில் அப்பகுதி ஜமாஅத்தார் ஒன்றுகூடி இந்தக் கோயிலுக்கு வந்து, தாங்கள் துணை நிற்பதாகச் சொல்லிச் சென்றார்கள். 1998இல் இல்லாத ஒன்று 2022இல் இருந்தது என்று நமக்குத் தோன்றிற்று.

நம் லைன் வீடு இடிபட்டு, அவ்விடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. எங்கள் வரிசையில் இருந்தவர்களில் பலர் வீட்டை விற்று வேறு பக்கம் போய்விட்டனர். மற்ற பேட்டைகளில் இருந்த முஸ்லிம்களோ அச்சத்தால் இங்கும் கரும்புக்கடைப் பக்கமும் வந்து சேர்ந்தனர். கலவரம் சில நாளில் ஓய்ந்தது. குடிபெயர்ச்சியோ பல ஆண்டுகள் ஓசையின்றி நடந்தது. சுவருக்குச் சுவர் இருந்தவர்கள் பேட்டைக்குப் பேட்டை ஆனார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பந்தயம் கட்டிக் கேட்க மணி உண்டு, பாங்கு உண்டு. ஆனால் கூட நின்று பந்தயம் கட்ட மற்ற வீட்டுப் பிள்ளை இல்லை.

பாய் மாமாவின் வீடு அப்படியே இருந்தது. அவருக்கு வயது எண்பதை எட்டுகிறது. ரமலான் மாதம், நோன்பு திறக்க இன்னும் அரைமணி இருந்தது. தந்தையார் பெயரைச் சொன்னோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ரெண்டாவது பையனா? வா கண்ணு, உக்காரு” என்றார். தாம் நோன்பிருந்தும் நமக்கு மட்டும் டீ கொண்டுவரச் சொன்னார். வேண்டாம், தங்களோடு சேர்ந்தே குடிக்கிறோம் என்றோம். பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வந்தன. கஞ்சி குடித்து முடிந்ததும், தந்தையார் சொல்லச் சொன்னதைச் சொன்னோம். இரயிலில் பலமுறை ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. “அப்பா அன்னிக்குப் பாத்தாருங்க மாமா” என்ற நான்கு சொற்களே வந்தன.

அவர் வியப்படையவில்லை. “எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. கடைப் பையன் பின்சந்துல ஒளிஞ்சுக்கிட்டு இருந்தான். உங்கப்பா மூலையில நின்னத அவன் பாத்துட்டு வந்து சொன்னான்” என்றார்.

தெரிந்தும் ஏன் வந்து கேட்டீர்கள் என்றோம்.

“அவரு வாயால வரட்டும்னுதான் கேட்டேன். வரல. ரெண்டு மாசம் நானும் மூஞ்சி குடுத்துப் பேசல.”

பின் ஏன் அந்த இரவு நம் வாசலில் உட்கார்ந்தீர்கள் என்றோம். அவர் இதை ஒரு கேள்வியாகவே கருதவில்லை. “அது வேற, இது வேற. உள்ள கொழந்தைங்க இருந்துச்சுல்ல” என்றார். பிறகு, “போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம், அதான் எனக்கு வருத்தம்” என்றார். கடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இத்துடன் முடித்தால் கதை இனிதாக முடியும். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் அன்றோ! அவருடைய மகன் நம்மைத் தெருமுனைவரை கொண்டுவிட வந்தார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். சிறு வயதில் நம்மைத் தோளில் தூக்கிப் பெரியகுளத்துக்குக் கூட்டிச் சென்றவர். வழி நெடுகப் பேசவில்லை. முனைக்கு வந்ததும் நின்று, “அத்தா மனசு பெருசுங்க. எனக்கு அப்படி இல்ல. கடை போனதும் காலேஜ விட்டுட்டு அடுத்தவன் கடையில நின்னேன். எட்டு வருசம் பையத் தொறந்து காட்டித்தான் சொந்த வீட்டுக்குள்ள வந்தேன். உங்கப்பா ஒரு வார்த்த சொல்லியிருந்தா கடை திரும்பி வந்திருக்காதுதான். ஆனா ஒருத்தராச்சும் சொன்னாருன்னு இருந்திருக்கும். நீங்க வந்தது சந்தோசம். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க” என்றார்.

சொல்லச் சொல்லவில்லை. கைகூப்பிவிட்டு வந்தோம். வடவள்ளிக்குத் திரும்பியபின் மாமனிடம் நடந்ததைக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “உங்க அம்மாளுக்கு அன்னிக்கு ராத்திரி அவரு காவல் இருந்தது எனக்குத் தெரியாதே” என்றார். இருபத்தேழு ஆண்டுகளாகத் தம் செவியின் கதையை நூறு முறை சொன்னவருக்கு வாசற்படியின் கதையை யாரும் சொல்லவில்லை. குற்றம் நம் வீட்டாருடையதே.

மறுநாள் புதன்கிழமை கோனியம்மன் தேர். மாசி மாதம் கோவை நகரத்துக்கே திருவிழா. தேர்நிலைத்திடலில் புறப்பட்ட தேர் ராஜவீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பக்கவுண்டர் வீதி வழியாக வலம் வந்து நிலை சேரும். மக்கள் வெள்ளத்தில் நாமும் ஒரு துளியாய் நின்றோம். தேர்மீது பக்தர்கள் உப்பை வீசினர். வெயில் கடுமை. ஒப்பணக்கார வீதியில் முஸ்லிம் அன்பர்கள் வரிசையாக நின்று தேர் இழுப்பவர்களுக்கும் பக்தர்களுக்கும் தண்ணீர்ப் புட்டிகளை வழங்கிக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கமாம். அன்று அவர்கள் நோன்பில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். தம் நா வறண்டிருக்கப் பிறர்க்குத் தண்ணீர் தந்தார்கள்! அந்த வரிசையில் பாய் மாமாவின் மகனும் நின்றார். நம்மைக் கண்டு ஒரு புட்டியை நீட்டினார். வாங்கிக் குடித்தோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அதே வீதியில் 1997இல் என்ன நடந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

வியாழனன்று வண்டி ஏறினோம். ஊருக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு: மருதமலையும் பேரூரும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். 1892இல் கட்டிய நகர மண்டபத்திலிருந்து தெற்கே நடந்து, கோட்டை ஈசுவரனைத் தரிசித்து, அந்தச் சந்துகளில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

நாகபுரி திரும்பிப் பத்து நாள் ஆகியிருக்கும். மார்ச் 17 இரவு இங்கே மஹால் பகுதியில் கலவரம் மூண்டதை நீங்கள் அறிவீர்கள். நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் நம் தமிழ்க் குடும்பங்களின் கைபேசிக் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. நம் குடியிருப்புக்கு அருகே தையற்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அன்பர் கல்லெறிந்த கூட்டத்தில் இருந்தார் என்றும், இனி எவரும் அவரிடம் துணி கொடுக்கலாகாது என்றும் அதில் கண்டிருந்தது. அந்த இரவு ஏழரை மணி முதல் ஒன்பதுவரை அவர் நம் வீட்டில் இருந்தார். பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்கு அளவெடுக்க வந்தவர், வெளியே கலவரம் என்று கேட்டு நம் தாயார் தடுத்ததால் தங்கினார்.

இதை அந்தக் குழுவில் எழுத வேண்டும். நான்கே வரி. எழுத நமக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேண்டியவர்கள் பகையாவார்களோ, சங்கத்தில் ஒதுக்குவார்களோ, பிள்ளைகளுக்கு ஏதேனும் நேருமோ என்று ஆயிரம் எண்ணங்கள் வந்தன. அப்போதுதான் தெரு மூலையில் நின்ற நம் தந்தையார் எவ்வளவு அஞ்சியிருப்பார் என்பது விளங்கிற்று. அவரை அதுவரை குறைவாக மதித்திருந்தோம். அன்று முதல் மதிக்கவில்லை. அதற்காக அவர் செய்ததைச் சரியென்றும் சொல்ல மாட்டோம். நான்கு வரியையும் எழுதி அனுப்பினோம். இருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகினர். ஒருவர் தனியே அழைத்து, தாம் அந்தச் செய்தியை ஆராயாமல் அனுப்பியது தவறென்றார். ஊரடங்கு நீங்கியபின் தையற்கடை திறந்தது.

வெளியூரில் வாழும் நாம் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவருவன பல. அரிசி வடகம் கொண்டுவருகிறோம். குலதெய்வத் திருநீறு கொண்டுவருகிறோம். பழைய பகையையும் கொண்டுவருகிறோம். ஊரில் இருப்பவர்கள் தண்ணீர் கொடுத்து வாங்கி மெல்ல மெல்ல மாறிவிட, நாம் மட்டும் நாம் புறப்பட்ட ஆண்டிலேயே நின்றுவிடுகிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது காதின் கதையைச் சொல்லுங்கள், அது நடந்தது. வாசற்படியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுவும் நடந்தது.

மார்ச் 31 ஈகைத் திருநாளன்று கோட்டைமேட்டிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் பாய் மாமா அல்லர், அவர் மகன். தாயாரை விசாரித்தார். நாகபுரிக் கலவரம் பற்றிப் பத்திரிகையில் பார்த்ததாகவும், நாங்கள் சுகந்தானா என்றும் கேட்டார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. வைப்பதற்கு முன், “அடுத்த தேருக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

தாயார் இப்போதே விடுப்புக்கு எழுதிப் போடச் சொல்கிறார்.